மின்சாரக் காருக்காக உழைத்த எடிசன்

தாமஸ் ஆல்வா எடிசன் என்றதும் மின்விளக்கு நம் கண்முன் வந்து நிற்கும். பேசும் பெட்டியாகிய போனோகிராப் அடுத்து நினைவுக்கு வரும். ஆனால் அப்பெரியார் தம் நடுவயதுக்குப் பின் ஏறத்தாழப் பத்து ஆண்டுகளை எந்த ஒரு பொருளுக்காகச் செலவிட்டார் என்று கேட்டால் நம்மில் பலர் விடை அறியாமல் விழிப்போம். மின்சாரக் காரை ஓட்டக்கூடிய நல்லதொரு பாட்டரிக்காகவே அவர் அப்படி உழைத்தார்.

மின்சார ஸ்கூட்டரும் மின்சாரக் காரும் பெருகிவரும் இந்நாளில், மின்சார வண்டி சிறந்ததா, பெட்ரோல் வண்டி சிறந்ததா என்று வீட்டிலும் பட்டிமன்ற மேடையிலும் பேசிக்கொள்கிறோம். இந்த வழக்கு இன்று நேற்று எழுந்ததன்று. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடந்து வருகிறது. அதன் இரு பக்கங்களையும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் காணலாம் என்பதால், எடிசனின் வரலாற்றை அந்தக் கோணத்தில் இங்கே பார்ப்போம்.

தாயே ஆசிரியை

1847-ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்கள் 11-ஆம் நாள் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் மிலான் என்னும் சிற்றூரில் எடிசன் பிறந்தார். ஏழு குழந்தைகளில் அவரே கடைக்குட்டி. அவருக்கு ஏழு வயதானபோது குடும்பம் மிச்சிகன் மாநிலத்திலுள்ள போர்ட் ஹியூரனில் குடியேறியது. பள்ளிக்கூடத்தில் அவர் படித்தது சில மாதங்களே. முன்னர் ஆசிரியையாக இருந்த அவருடைய தாயார் நான்சி அம்மையார், மகனைத் தம் அருகில் அமர்த்தி வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். படிக்கும் ஆர்வத்தையும், படித்ததைத் தானே செய்து பார்க்கும் பழக்கத்தையும் ஊட்டியவர் அந்தத் தாயே.

பன்னிரண்டு வயதில் போர்ட் ஹியூரனுக்கும் டெட்ராய்ட் நகருக்கும் இடையே ஓடிய ரயிலில் செய்தித்தாளும் தின்பண்டங்களும் விற்கத் தொடங்கினார். ரயிலின் சாமான் பெட்டியில் ஒரு மூலையில் இரசாயனப் புட்டிகளை அடுக்கி, அங்கேயே ஓர் ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டார். இளமையிலேயே அவருடைய செவிப்புலன் மங்கத் தொடங்கியது. அதைக் குறையாக எண்ணி அவர் ஒதுங்கிவிடவில்லை.

1862-ஆம் ஆண்டு மவுண்ட் கிளெமென்ஸ் நிலையத்தில், தண்டவாளத்தில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு சிறு குழந்தையை நோக்கிச் சரக்குப் பெட்டியொன்று உருண்டு வந்தது. எடிசன் பாய்ந்து சென்று குழந்தையைக் காப்பாற்றினார். குழந்தையின் தந்தை அந்நிலையத்தின் அதிகாரி. நன்றிக் கடனாக அவர் எடிசனுக்குத் தந்தி அடிக்கும் தொழிலைக் கற்றுத் தந்தார். அந்நாளில் தந்திக்கு வேண்டிய மின்சாரம் முழுவதும் பாட்டரிகளிலிருந்தே வந்தது. இவ்வாறு பதினைந்து வயதிலேயே எடிசனுக்குப் பாட்டரியோடு உறவு ஏற்பட்டுவிட்டது.

அந்த உறவு ஒருமுறை அவருடைய வேலைக்கே உலை வைத்தது. 1867-இல் லூயிவில் நகரில் தந்தி ஊழியராக இருந்தபோது, காரீயமும் கந்தக அமிலமும் கொண்ட பாட்டரி ஒன்றை இரவு நேரத்தில் ஆராய்ந்தார். அமிலம் தரையில் கொட்டி, பலகை இடுக்கு வழியே கீழ்த்தளத்தில் இருந்த மேலதிகாரியின் மேசைமீது சொட்டியது. மறுநாள் காலையில் வேலை போயிற்று!

ஒளி தந்த ஆண்டுகள்

அதன் பின் நிகழ்ந்தவை பாடநூல்களில் நாம் படித்தவையே. 1876-இல் மென்லோ பார்க்கில் ஆய்வுக்கூடம் நிறுவினார். 1877-இல் போனோகிராப், 1879-இல் நீடித்து எரியும் மின்விளக்கு, 1882-இல் நியூயார்க் நகரின் பெர்ல் தெருவில் மின்சார நிலையம் என்று வெற்றிமேல் வெற்றி வந்தது. 1887-இல் நியூஜெர்சி மாநிலத்தின் வெஸ்ட் ஆரஞ்ச் என்னும் ஊரில் முன்னதைவிடப் பன்மடங்கு பெரிய ஆய்வுக்கூடத்தைக் கட்டினார்.

தோல்விகளும் இல்லாமல் இல்லை. மாறுதிசை மின்னோட்டத்தின் சிறப்பை அவர் ஏற்க மறுத்தார். உலகமோ அதையே ஏற்றுக்கொண்டது. தரங்குறைந்த பாறையிலிருந்து காந்தத்தால் இரும்புத் தாதுவைப் பிரிக்க முயன்று பெரும்பொருளை இழந்தார். அந்த இழப்போடுதான், ஐம்பது வயதைக் கடந்த நிலையில், 1899-இல் பாட்டரி ஆராய்ச்சியில் இறங்கினார்.

இளைஞனுக்குச் சொன்ன அறிவுரை

இதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு சந்திப்பை இங்கே கூற வேண்டும். 1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நியூயார்க்கில் மின்சாரக் கம்பெனிகளைச் சேர்ந்தவர்களின் மாநாடு ஒன்று நடைபெற்றது. டெட்ராய்ட் நகரின் எடிசன் மின்விளக்குக் கம்பெனியில் தலைமைப் பொறியாளராக இருந்த ஓர் இளைஞரும் அதற்கு வந்திருந்தார். அவர் பெயர் ஹென்றி ஃபோர்டு. பெட்ரோலில் ஓடும் நான்கு சக்கர வண்டி ஒன்றை அவர் தம் வீட்டின் பின்புறக் கொட்டகையில் செய்து, அதே ஆண்டு ஜூன் மாதத்தில் ஓட்டிப் பார்த்திருந்தார்.

எடிசனுக்குச் செவி மந்தம் என்பதால் இளைஞரை அருகில் அழைத்து அமர்த்தினார்கள். ஃபோர்டு படம் வரைந்து தம் இயந்திரத்தை விளக்கினார். எடிசன் கேள்விமேல் கேள்வி கேட்டார். இறுதியில் மேசையைத் தட்டி, அந்த இளைஞரை அதே வழியில் தொடர்ந்து செல்லுமாறு ஊக்கினார். மின்சார வண்டி மின்நிலையத்தை விட்டு வெகுதூரம் போக முடியாது. அதன் பாட்டரியும் பெருஞ்சுமை. நீராவி வண்டிக்கு நெருப்பும் கொதிகலனும் வேண்டும். பெட்ரோல் வண்டியோ தனக்கு வேண்டிய ஆற்றலைத் தானே சுமந்து செல்கிறது. அவருடைய ஊக்குவிப்பின் கருத்து இதுவே.

மின்சாரத்தையே தம் வாழ்வாகக் கொண்டவர் பெட்ரோல் வண்டிக்கு ஆதரவு தந்தார் என்பது வியப்பன்றோ? தம் பொருளுக்குப் போட்டியென்று பாராமல், உண்மையென்று தோன்றியதைச் சொன்னார். மேலதிகாரிகள் பலர் பெட்ரோல் இயந்திரத்தை வீண்வேலை என்று கருதிய காலத்தில், எடிசனின் அந்தச் சொல் தமக்குப் பெருந்துணையாக இருந்தது என்று ஃபோர்டு பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

மூவர் போட்டி

அப்படியானால் எடிசனே ஏன் பிறகு மின்சார வண்டிக்காக உழைத்தார்? அன்றைய நிலைமையைப் பார்த்தால் விளங்கும்.

1900-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் செய்யப்பட்ட கார்கள் ஏறத்தாழ 4,200. அவற்றுள் நீராவிக் கார்கள் 1,681. மின்சாரக் கார்கள் 1,575. பெட்ரோல் கார்கள் 936 மட்டுமே! நூறு கிலோமீட்டர் வேகத்தை முதன்முதல் தாண்டிய காரும் மின்சாரக் காரே. 1899-ஆம் ஆண்டு ஏப்ரலில் பாரிஸ் நகருக்கு அருகில், காமில் ஜெனாட்ஸி என்னும் பெல்ஜியர் அச்சாதனையை நிகழ்த்தினார்.

மின்சாரக் காரில் புகையில்லை, நாற்றமில்லை, இரைச்சலில்லை. கியர் மாற்றும் தொல்லையும் இல்லை. பெட்ரோல் காரைக் கிளப்ப வேண்டுமானால் முன்புறத்திலுள்ள இரும்புக் கைப்பிடியைப் பலங்கொண்ட மட்டும் சுற்ற வேண்டும். அது சில வேளைகளில் திடீரென்று எதிர்த்திசையில் திரும்பி, சுற்றுகிறவரின் கையையே முறித்துவிடும். நீராவிக் காரிலோ நீர் கொதிக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே மின்சாரக் கார் நகர மக்களுக்கு, சிறப்பாகப் பெண்களுக்கு, மிகவும் பிடித்திருந்தது.

ஆனால் அதன் பாட்டரி காரீயத் தகடுகளால் ஆனது, மலைபோல் கனத்தது. ஒருமுறை மின்னேற்றினால் பெரும்பாலான வண்டிகள் ஐம்பது, அறுபது கிலோமீட்டர்தான் ஓடின. அமிலத்தில் தகடுகள் விரைவில் தேய்ந்தன. இந்த ஒரு குறையை நீக்கிவிட்டால் மின்சாரக் கார் வென்றுவிடும் என்று எடிசன் நம்பினார். 1896-இல் தாம் கண்ட குறையை 1899-இல் தாமே போக்க முற்பட்டார் என்றால் அது முரண்பாடன்று, அறிஞரின் இயல்பு.

வெற்றி, வீழ்ச்சி, மீண்டும் முயற்சி

காரீயத்தையும் அமிலத்தையும் விலக்குவது என்று முடிவு செய்தார். நிக்கலும் இரும்பும் தகடுகளாக, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரம் கரைசலாக அமைந்த புதிய பாட்டரியைத் தேர்ந்தார். இந்த முடிவுக்கு வர ஆயிரக்கணக்கான சோதனைகள் தேவைப்பட்டன. 1901-இல் பாட்டரி செய்வதற்கென்றே தனிக் கம்பெனி தொடங்கப்பட்டது. 1903-இல் பாட்டரி விற்பனைக்கு வந்தது. வணிகர்கள் தங்கள் சாமான் வண்டிகளுக்கு அதை விரும்பி வாங்கினார்கள்.

சிறிது காலத்தில் குறைகள் தெரியலாயின. சில பாட்டரிகளில் கரைசல் கசிந்தது. சிலவற்றில் ஆற்றல் விரைவில் குன்றியது. அப்போது எடிசன் என்ன செய்தார்? வாங்கியவர்களின் தலையில் பழியைச் சுமத்தவில்லை. 1904-இல் தொழிற்சாலையில் உற்பத்தியை நிறுத்தினார். குறையுள்ள பாட்டரிகளைத் திரும்பப் பெற்று, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தார். ஆர்டர்கள் குவிந்திருந்த வேளையில் இவ்வாறு செய்ய எவ்வளவு மனத்துணிவு வேண்டும்! உலகம் முழுவதும் அறிந்த தம் பெயர் அந்தப் பெட்டியின்மீது இருந்தது. அந்தப் பெயருக்காகவே பொய்யான பொருளை விற்க அவர் உடன்படவில்லை.

மேலும் ஐந்து ஆண்டுகள் உழைத்தார். நிக்கல் சேர்மம் மின்சாரத்தை எளிதில் கடத்தாதது ஒரு பெருந்தடை. அதைப் போக்க ஓர் அரிய வழி கண்டார். மின்முலாம் பூசும் முறையில் செம்பு ஒரு படலம், நிக்கல் ஒரு படலம் என்று மாற்றி மாற்றிப் படிய வைத்தார். பின்னர் செம்பை மட்டும் கரைத்துவிட்டார். மெல்லிய நிக்கல் இதழ்கள் எஞ்சின. அவற்றை நிக்கல் சேர்மத்துடன் அடுக்கடுக்காக எஃகுக் குழாய்களில் இட்டு அடைத்தார். கரைசலில் சிறிதளவு லித்தியம் ஹைட்ராக்சைடும் சேர்த்தார். பாட்டரிகளை வண்டியில் ஏற்றிக் கரடுமுரடான சாலைகளில் ஓட்டினார்கள். மாடியிலிருந்து கீழே போட்டும் சோதித்தார்கள்.

1909-இல் புதிய பாட்டரி வெளிவந்தது. அது உறுதியானது, பல்லாண்டு உழைக்கக்கூடியது, முற்றிலும் தீர்ந்துபோகும்வரை பயன்படுத்தினாலும் கெடாதது. எடிசன் தாம் சொன்னதைச் செய்து முடித்துவிட்டார்.

காலம் காத்திருக்கவில்லை

ஆனால் அந்தப் பத்தாண்டுகளில் வெளியுலகம் மாறிவிட்டிருந்தது. 1901-இல் டெக்சாஸ் மாநிலத்தில் ஸ்பிண்டில்டாப் என்னுமிடத்தில் எண்ணெய் ஊற்றுப் பீறிட்டெழுந்தது, எண்ணெய் மலிந்தது. 1908-இல் ஹென்றி ஃபோர்டு தம் புகழ்பெற்ற மாடல் டி காரை 850 டாலர் விலையில் கொண்டுவந்தார். ஓடும் பட்டையில் காரை நகர்த்தித் தொழிலாளர்கள் நின்ற இடத்திலேயே பாகங்களைப் பொருத்தும் முறையை 1913-இல் புகுத்தினார். 1916-இல் அக்காரின் விலை 360 டாலராக இறங்கியது. அதே ஆண்டுகளில் டெட்ராய்ட் எலெக்ட்ரிக் என்னும் மின்சாரக் காரில் எடிசன் பாட்டரி வேண்டுமென்றால், அதற்கு மட்டும் 600 டாலர் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு பாட்டரியின் விலையில் ஒரு முழுக் காரை வாங்கிவிடலாம் என்றால் ஏழை உழவன் எதை வாங்குவான்?

உழவர் வாழ்ந்த சிற்றூர்களுக்கு மின்சாரமும் போய்ச் சேரவில்லை. 1930-களின் நடுவில்கூட அமெரிக்கப் பண்ணைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்இணைப்பு இருந்தது. பெட்ரோலையோ தகரப் பீப்பாயில் எந்த ஊருக்கும் கொண்டுபோய் விற்கலாம்.

கடைசி அடி மின்சாரத்திடமிருந்தே வந்தது. 1912-இல் காடில்லாக் காரில் சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர் பொருத்தப்பட்டது. ஒரு சிறு பாட்டரியும் ஒரு சிறு மோட்டாரும் சேர்ந்து பெட்ரோல் இயந்திரத்தைக் கிளப்பிவிட்டன. கைப்பிடி சுற்றும் வேலை ஒழிந்தது. மின்சாரக் காருக்கே உரியதாயிருந்த ஒரு பெருஞ்சிறப்பு இப்போது பெட்ரோல் காருக்கும் கிடைத்துவிட்டது. அந்தச் சிறு பாட்டரிகூட எடிசனுடையதன்று. அவர் விலக்கிய பழைய காரீயப் பாட்டரியே! நொடிப்பொழுதில் மிகுந்த மின்னோட்டத்தைப் பாய்ச்சவும், குளிரில் சோர்ந்துபோகாமல் இருக்கவும் எடிசனின் பாட்டரியால் இயலவில்லை.

இங்கே நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மின்சாரக் காரைப் பெண்களுக்கான கார் என்றே விளம்பரம் செய்தார்கள். அதனால் ஆண்கள் பலர் அதை ஓட்டத் தயங்கினார்கள். ஆனால் பெண்கள் அதில் விரும்பியவை யாவை? எளிதில் கிளம்புதல், தூய்மை, அமைதி. ஸ்டார்ட்டர் வந்தபின் எளிதில் கிளம்பும் காரையே ஆண்களும் விரும்பி வாங்கினார்கள். பெண்களின் விருப்பம் பலவீனம் அன்று. அனைவருக்கும் பொருந்திய நல்லறிவு என்பது அப்போது தெளிவாயிற்று.

நண்பர் இருவர்

பெட்ரோல் வென்றது, எடிசன் தோற்றார். ஆயினும் வென்றவருக்கும் தோற்றவருக்கும் பகை மூளவில்லை. ஃபோர்டும் எடிசனும் இணைபிரியா நண்பர்கள் ஆனார்கள். 1914-இல் இருவரும் சேர்ந்து மலிவான மின்சாரக் கார் ஒன்றைக் கொண்டுவரப் போவதாகச் செய்தி பரவியது. சோதனை வண்டிகளும் உருவாயின. ஆனால் பாட்டரியின் குறைகளால் அம்முயற்சி கைவிடப்பட்டது. பெட்ரோல் காரின் மன்னரான ஃபோர்டின் மனைவி கிளாரா அம்மையாரோ, டெட்ராய்ட் எலெக்ட்ரிக் மின்சாரக் காரையே பல ஆண்டுகள் ஓட்டினார்! வெஸ்ட் ஆரஞ்சில் எடிசனின் இல்லத்துக் கார்க் கொட்டகையில் பெட்ரோல் பம்பும் இருந்தது. மின்னேற்றும் கருவியும் இருந்தது. வழக்காடிய இரு கட்சிகளும் ஒரே கூரையின்கீழ் இருந்தன எனலாம்.

1914-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இரவு எடிசனின் வெஸ்ட் ஆரஞ்ச் தொழிற்சாலைக் கட்டடங்கள் பல தீக்கு இரையாயின. அப்போது அவருக்கு வயது 67. சாம்பல் ஆறுமுன்னே மீண்டும் கட்டும் பணியைத் தொடங்கிவிட்டார்.

கார்களில் இடம் பெறாவிட்டாலும் எடிசனின் பாட்டரி வீண்போகவில்லை. நகரத்துச் சாமான் வண்டிகளை அது இழுத்தது. சுரங்கத் தொழிலாளரின் தலைவிளக்கை எரித்தது. ரயில்பாதையின் கைகாட்டிகளுக்கு மின்சாரம் தந்தது. அவருக்குப் பெரும் வருவாய் ஈட்டிய பொருள்களில் ஒன்றாக அதுவும் ஆயிற்று. அவர் மறைந்தபின்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அது தயாரிக்கப்பட்டது.

1931-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள் எடிசன் தம் 84-ஆம் வயதில் வெஸ்ட் ஆரஞ்ச் இல்லத்தில் உயிர் நீத்தார். மூன்று நாள் கழித்து அவருடைய அடக்கத்தன்று இரவு அமெரிக்க மக்கள் சிறிது நேரம் தங்கள் மின்விளக்குகளைத் தணித்து அவருக்கு அஞ்சலி செலுத்தினார்கள்.

நாம் கற்க வேண்டியது

மின்சாரமா, பெட்ரோலா? எடிசனின் வாழ்க்கையைப் பார்க்கும்போது, இக்கேள்விக்கு எக்காலத்துக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை என்பது புலனாகிறது. வண்டியின் சிறப்பு மட்டும் வெற்றி தருவதில்லை. பாட்டரி எத்தனை தூரம் தாங்கும், என்ன விலை, மின்னேற்ற எத்தனை நேரம், ஊரில் மின்சாரம் உண்டா, எண்ணெய் மலிவா என்ற கேள்விகளே அன்று தீர்ப்புக் கூறின. இன்று நாம் கேட்பவையும் இவையே. விடைகள்தாம் மாறி வருகின்றன. லித்தியம் அயனிப் பாட்டரியை உருவாக்கிய மூவருக்கு 2019-இல் வேதியியலுக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது. எடிசன் தம் கரைசலில் சிறிதளவு சேர்த்த அதே லித்தியம் இன்று வேறு வகையில் கார்களை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட வைக்கிறது. ஆனால் பாட்டரியில் ஏற்றும் மின்சாரம் நிலக்கரியை எரித்துப் பெறப்பட்டால், தெருவில் இல்லாத புகை மின்நிலையத்தில் இருக்கும் என்பதையும் நாம் மறக்கலாகாது.

மாணவியரே, அடுத்த முறை இப்பொருளில் பட்டிமன்றம் நடந்தால், எந்த அணியில் நின்றாலும் எடிசனை நினைத்துக்கொள்ளுங்கள். எதிர்க்கட்சியில் உண்மை இருந்தால் அதை மேசை தட்டிப் பாராட்டும் பெருந்தன்மை அவரிடம் இருந்தது. தம் பொருளில் குறை இருந்தால் அதை ஒப்புக்கொண்டு பணத்தைத் திருப்பித் தரும் நேர்மை இருந்தது. இறைவன் தந்த தாலந்தை மண்ணில் புதைத்து வைக்காமல், முதுமையிலும் அதைப் பெருக்கும் ஊக்கம் இருந்தது. பந்தயத்தில் தோற்றும் பழுதுபடாத வாழ்வு அது. அத்தகைய நேர்மையும் ஊக்கமும் நம் ஒவ்வொருவரிடமும் வளர இறைவன் அருள்வாராக!